ஹாரன் அக்கா வீட்டில் கத்துவதில்லை

"வந்துட்டேன்" என்று பூட்டிய கதவைப் பார்த்துச் சொல்கிறார் ஹாரன் அக்கா. சத்தம் அதிகம். தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் தாழ்த்தி, இன்னொரு "வந்துட்டேன்". அதுவும் சரிப்படவில்லை. பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அவர் மூன்றாவது முறை சொல்வது கதவுக்கே கேட்குமா என்பது சந்தேகம்தான். அதன் பிறகே சாவியை எடுக்கிறார். கொத்து குலுங்காமல் இருக்க அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார்.

பகலில் அவரைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். சரக்குக் கிடங்கின் யார்டில் லாரிகளைப் பின்னால் எடுக்கவைத்து, சரக்கு இறக்கும் மேடையோடு ஒட்டி நிறுத்தவைப்பது அவர் வேலை. "வரட்டும், வரட்டும், ரைட்ல ஒடி, இன்னும் ஒடி, ஏய் ஸ்டியரிங் மேல தூங்கறியா, நேராக்கு, வரட்டும்... போதும்!" இன்ஜின் இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் தனியாகக் கேட்கும். வண்டி சரியாக நின்றதும் உள்ளங்கையால் பக்கத்துத் தகட்டில் இரண்டு அறை. டம், டம். அதோடு வேலை முடிந்தது. கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் குரலை நம்பியே வண்டி எடுக்கும் ஓட்டுநர்கள் வைத்த பெயர்தான் ஹாரன் அக்கா. பத்தொன்பது வருடத்தில் ஒரு வண்டிகூட மேடையில் இடித்ததில்லை.

அந்தக் குரல் வீட்டில் செல்லாது. வீட்டில், கட்டிலுக்கு அடியில், ஒருத்தி இருக்கிறாள். பழுப்பு நிற நாய். ஒடிந்து கோணலாக ஒட்டிய வால். கழுத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு முடி முளைக்காத தழும்பு. யாராவது குரலை உயர்த்தினால் போதும், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நனைத்துவிடுவாள். அக்கா அவளைச் "சின்னவளே" என்று கூப்பிடுகிறார்.

சின்னவளுக்காகக் குக்கர் பரணுக்குப் போய்விட்டது. தட்டுகளுக்கு நடுவே துணி மடித்து வைத்தாகிவிட்டது. "சிரிக்கக்கூட முடியலைங்க. தலையணைக்குள்ள மூஞ்சை அமுக்கிக்கிட்டுச் சிரிக்கிறேன்" என்கிறார் அக்கா. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவர் கணவருக்கு இதில் கொள்ளை மகிழ்ச்சி. "இந்த நாய் இருபது வருஷம் முன்னாடியே வந்திருக்கணும். என் காது தப்பிச்சிருக்கும்" என்பார். "உங்களுக்குப் பதில் இருக்கு. நாளைக்கு யார்டுக்கு வாங்க, சொல்றேன்" என்பார் அக்கா, கிசுகிசுப்பாக.

கிடங்கின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டைல்ஸ் கடை. அதன் முதலாளி நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். சலவைச் சட்டை, யாரைக் கண்டாலும் 'வாங்க, உட்காருங்க'. அவர் கடையின் பின்கட்டில் ஒரு நாய் ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்தது. தன் குரல் ஓட்டுநருக்குக் கேட்கவில்லையே என்ற எரிச்சலில் அக்கா பல நாள் அந்தச் சுவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்: "ஏய், வாயை மூடு சனியனே!" ஒருநாள் குரைப்பு நின்றது. அப்பாடா என்றிருந்தது. ஏன் நின்றது என்று அவர் கேட்கவில்லை.

யாரோ புகார் கொடுத்து, நாய்கள் காப்பகத்து வண்டி வந்தபோதுதான் தெரிந்தது. கிடங்கு வழியாக வந்த அந்த வண்டிக்குக் குரல் கொடுத்துப் பின்னால் எடுக்கவைத்ததே அக்காதான். நாயைத் துணியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். குட்டியாக இருந்தபோது கட்டிய சங்கிலியை யாரும் தளர்த்தவே இல்லை. கழுத்து வளர்ந்தது, சங்கிலி வளரவில்லை. சதைக்குள் இறங்கிவிட்டது. குரைக்க முடியாததால்தான் அவள் குரைக்கவில்லை.

விசாரித்த அதிகாரி தாளில் எழுதிய வார்த்தை: 'கவனக்குறைவு'. அந்தத் தாளின் நகல் அக்காவின் அலமாரியில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு அடியில் பேனாவால் கோடு போட்டுக் கோடு போட்டுத் தாளே கிழிந்துவிட்டது. "அடுப்புல பால் பொங்கி வழிஞ்சா அது கவனக்குறைவு. இது அப்படியா? தினமும் தட்டு வச்சவன் தினமும் அந்தக் கழுத்தைப் பார்த்திருப்பான்ல? பார்த்துட்டுத்தானே போய்க் கடையில உட்கார்ந்தான்?" இதையும் அவர் கிசுகிசுப்பாகத்தான் சொல்கிறார்.

எச்சரித்து விட்டுவிட்டார்கள். இனி நாய்மீது உரிமை கோரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட முதலாளி அன்று மாலையே கடை திறந்தார். சின்னவளுக்குத் தையல் பிரிக்க இருபது நாள் ஆனது. அந்த இருபது நாளும் அக்கா வேலை முடிந்ததும் காப்பகத்துக்குப் போய், கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நேருக்கு நேர் பார்த்தால் அவள் மிரளுவாள் என்று சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, சந்தோஷத்தில் மறந்துபோய், "வாடி என் தங்கம்!" என்று யார்டு குரலில் சொல்லிவிட்டார். கட்டிலுக்கு அடியில் போனவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. "என் குரல் அவளுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்குங்க. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட குரலாச்சே. அவன் சங்கிலியால பண்ணினதை நான் தொண்டையால பண்ணியிருக்கேன்."

இரண்டு மாதத்தில் கையிலிருந்து வாங்கித் தின்னும் அளவுக்கு வந்திருக்கிறாள். போன வாரம் ஜன்னல்வரை போய், திரைக்கு அடியில் மூக்கை நீட்டி, தெருவில் அக்கா வருவதைப் பார்த்தாளாம். கணவர் சொன்னார். "நான் பார்க்கலையே" என்று அக்கா அதை நம்ப மறுத்துவிட்டார்.

இந்த வார விடுமுறை நாளில் டைல்ஸ் கடை முதலாளி மாடிப்படி ஏறி வந்தார். கையில் புதுச் சங்கிலி, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"நம்ம நாய் இங்க இருக்குன்னாங்க. நல்லா தேத்திட்டீங்க போல, ரொம்ப சந்தோஷம்மா. பின்கட்டுக்குக் காவலுக்கு ஆளில்ல. அதான் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே, கட்டிலுக்கு அடியில், நகங்கள் தரையைப் பிறாண்டின. ஒரு கத்துக் கத்தினால் இந்த ஆள் படியில் உருளுவான். கூடவே அந்த இரண்டு மாதமும் உருண்டுபோகும். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே" என்றார், மூச்சுக்காற்றில்.

"அது ஏதோ அந்த நேரத்துக்குப் போட்டது. வாயில்லா ஜீவன், வளர்த்தவன் மேல பாசம் இருக்கும்ல? கொஞ்சம் சத்தமாப் பேசுங்கம்மா, காதுல விழல."

"கிட்ட வாங்க, விழும்." முதலாளி குனிந்தார். "இந்த வீட்டுல நான் கத்தறதில்ல. அதுக்குக் காரணம் நீங்க. ஆனா நாளைக்குக் காலையில உங்க டைல்ஸ் லாரி எங்க யார்டுக்கு வரும். அங்க என் தொண்டைக்குப் பூட்டு கிடையாது. அந்தக் கழுத்து எப்படி இருந்துச்சுன்னு, நீங்க எதுல கையெழுத்துப் போட்டீங்கன்னு, அங்க நிக்கற அத்தனை டிரைவருக்கும் சொல்லுவேன். நாலு ஊருக்குப் போறவங்க அவங்க. எப்படி வசதி?"

"என்னம்மா, மிரட்டறீங்களா?"

"ஆமா."

முதலாளி சங்கிலியைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினார்.

அது முட்டுச் சந்து. அவர் வந்த வேனைத் திருப்ப இடமில்லை, பின்னால்தான் எடுக்கவேண்டும். பதற்றத்தில் முதல் முயற்சியிலேயே விளக்குக் கம்பத்தை உரசினார். அவர் கை ஹாரனை நோக்கிப் போனது. அதற்குள் கீழே வந்துவிட்ட அக்கா, கண்ணாடிக்கு முன்னால் நின்று உதட்டில் விரலை வைத்தார். கை அப்படியே நின்றது.

பிறகு அக்காவின் இரண்டு கைகளும் பேசின. வரட்டும். ஒடி. இன்னும் ஒடி. நேராக்கு. வரட்டும். முதலாளி வியர்த்து வழிந்துகொண்டு, அந்தக் கைகள் சொன்னபடியே வண்டியை எடுத்தார். சந்துமுனையில், சாலையில் கால் வைக்கும் இடத்தில், போதும் என்று உள்ளங்கை நிமிர்ந்தது.

பத்தொன்பது வருடப் பழக்கம். தகட்டில் அறைய அக்காவின் வலது கை தானாக ஓங்கியது. அப்போதுதான் மாடி ஜன்னல் கண்ணில் பட்டது. திரைக்கு அடியில் ஈரமான, கறுத்த ஒரு மூக்கு.

ஓங்கிய கையை மெல்ல இறக்கி, ஒரே ஒரு விரலால், சத்தமே இல்லாமல் வண்டியை இரண்டு முறை தொட்டார் அக்கா.