பெண் பார்க்க வந்த இடத்தில் பட்டன் சண்டை

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. இந்த இடத்தையும் கெடுத்துப்புடாத" என்று சொல்லித்தான் அம்மா என்னை அறைக்குள் அனுப்பினாள். முன்பு வந்த இடங்களெல்லாம் என் வாயால்தான் கெட்டன என்பது பாளையம்பட்டி முழுக்கத் தெரியும். ஆனால் காரியாபட்டியிலிருந்து வந்த இவரை எனக்குப் பிடித்திருந்தது. கூச்சப்படாமல் இன்னொரு பஜ்ஜி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மாப்பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். இது அமையாவிட்டால் அழுதே விடுவேன்.

அவருக்கும் என்னைப் போலவே வெப்சைட் செய்யும் வேலை. எங்களைத் தனியாகப் பேச விட்டதும், என்ன பேசுவதென்று தெரியாமல், தான் செய்த பலசரக்குக் கடைப் பக்கத்தைப் போனில் காட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அதற்கு அவர் எழுதியிருந்த கோடிங்கைத் திறந்து பார்த்தேன்.

"பட்டனைக்கூட டிவ்ல கட்டிருக்கீகளே?"

டிவ் என்பது எதைப் போட்டாலும் கொள்ளும் வெறும் பெட்டி. பட்டனுக்கென்று தனிக் குறியே இருக்கிறது.

"பாக்க ஒண்ணாத்தான இருக்கு?" என்றார். "இதுக்கெல்லாம் விதி எழுதுறவுகளே ஒரு பகுதிக்குப் போடுற குறி செக்‌ஷனா, ஆர்ட்டிகிளான்னு வருசக்கணக்கா அடிச்சுக்கிறாக. நமக்கென்ன?"

வந்ததே கோபம் எனக்கு.

"அவுக அடிச்சுக்கட்டும், அதுல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. பட்டனுக்கு என்ன சண்டை? கண்ணு தெரியாதவுக உங்க கடையில எப்படிச் சாமான் வாங்குவாக? மூடுங்க கண்ண!"

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதியைப் போனில் போட்டுக் கையில் கொடுத்தேன். அவர் கண்ணை மூடி விரலால் தடவினார். "துவரம் பருப்பு" என்றது போன். சாமான் வாங்கத் தட்டும் கூடைப் படப் பட்டனுக்கு விரல் வந்தபோது போன் மூச்சே விடவில்லை. மறுபடி தேடினார். மறுபடியும் பருப்புதான்.

என் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டிருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். கண்ணை மூடி, வியர்த்து உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை. இடுப்பில் கைவைத்து நிற்கும் நான். போச்சுடா என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னப்பா சத்தம்? பொண்ணப் பிடிச்சிருக்கா, இல்லையா?" என்றார் அவருடைய அம்மா.

அவர் எழுந்து நின்றார். "நான் செஞ்சதுதாம்மா தப்பு. அவுக சொல்றதுதான் சரி. என்னய அவுகளுக்குப் பிடிச்சிருக்கான்னு கேளுங்க."

அத்தனை பேர் முன்னால் ஓர் ஆண்பிள்ளை இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா கிள்ளுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"கடையத் திருத்திக்கிடலாம். எனக்குச் சம்மதம்."