கேட்டவருக்குக் கோப்பை இல்லை

அலுவலகத்தில் அவளுக்கு நொட்டையக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவள் கண்டுபிடித்துவிட்டாள். குறை கண்டுபிடிப்பதுதானே அவள் பிழைப்பு. பெயர் வைத்தவனை நிறுத்தி, "பின்னாடி சொல்றதை முன்னாடியே சொல்லு, எனக்கும் திரும்பிப் பாக்க வசதியா இருக்கும்" என்றாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து எல்லோரும் நேராகவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், மேலாளர் உட்பட.

அதற்கு முன்னால் அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளில் குறை பார்க்கிற வேலை. பொத்தானை இழுத்துப் பார்ப்பாள், காலரை மடக்கிப் பார்ப்பாள், நூல் துருத்திக்கொண்டிருந்தால் தூக்கி எறிவாள். தொழிற்சாலை இழுத்து மூடப்பட்டபோது, வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்றில் குறை பார்க்க ஆள் தேவை என்று யாரோ சொன்னார்கள். "விளையாடறதுக்குச் சம்பளமா?" என்று வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நாற்பது வயதில் முதன்முதலாகக் கண்ட்ரோலரைக் கையில் பிடித்தாள். முதல் வாரத்திலேயே, கதாநாயகன் ஒரு சுவருக்குள் இடுப்பு வரை புதைந்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதோடு அவளை யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த வேலையில் விளையாட்டு கொஞ்சம், திரும்பத் திரும்பச் செய்வது நிறைய. அதிலும் கோப்பைகள் இருக்கின்றனவே, அவை தனித் தலைவலி. விளையாடுகிறவர் ஏதாவது ஒன்றைச் சாதித்தால் டிங் என்று மணி அடிக்கும், திரையின் மூலையில் ஒரு தங்கக் கோப்பை எழும்பும், அது அவர் பெயரில் நிரந்தரமாகச் சேர்ந்துவிடும். ஊரில் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆட்டத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும், எல்லாக் கோப்பைகளும் ஒழுங்காக வருகின்றனவா என்று அவள் முதலிலிருந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் எல்லாம் அழிந்துவிடும். ஆட்டத்தில் வருகிற பனிமலையின் உச்சியை உலகத்தில் அவளைவிட அதிகத் தடவை தொட்டவர் கிடையாது. ஆனால் அவள் பெயரில் ஒரு கோப்பைகூட இல்லை.

அதற்காகக் கோப்பைகளை அவள் மட்டமாக நினைத்தாள் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த மலையில் முதல் தடவை காலையெல்லாம் விழுந்து விழுந்து, கடைசியில் உச்சியைத் தொட்டு மணி அடித்தபோது, மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்து "வாடா!" என்று கத்தியவள் அவள். அறையே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பாடுபட்டு ஏறியவனுக்கு யாராவது ஒருவர் சபாஷ் சொல்லத்தான் வேண்டும். அதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

வம்பு வேறொரு கோப்பையில் வந்தது. அதற்குக் காரணம் அவள் மாமனார்.

மாமனார் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சென்றால் அவருக்கு உயிர். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மகனுக்கு அவசரமாக ஒரு போன் வரும், பேத்திக்குப் படிப்பு ஞாபகம் வரும், மருமகளுக்கு அடுப்பில் ஏதோ தீயும். எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டே நழுவிவிடுவார்கள். பாதிக் கதையில் அவரும் தொலைக்காட்சியும்தான் மிஞ்சுவார்கள்.

கம்பெனியின் புது ஆட்டத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு படகோட்டிக்கு வயதான குரல் தேவைப்பட்டது. நொட்டையக்கா மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார், "படகைப் பத்தி எனக்கு என்னய்யா தெரியும்?" என்று காகிதத்தை ஓரமாக வைத்தார், பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம் ஒரே வளைவில் வந்து நின்றுவிடுகிற ஒரு பஸ்ஸின் கதை. ஒலிப்பதிவு செய்கிறவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. படம் வரைகிறவர் படகுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த பஸ் ஒன்றை வரைந்து வைத்தார். அவ்வளவுதான், படகோட்டி முன்னாள் மெக்கானிக் ஆகிவிட்டார்.

ஆட்டத்தின் முதல் பதிப்பு வெளியானது. யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். விளையாடியவர்கள் பல்லாயிரம், படகோட்டியின் கதையைக் கடைசிவரை கேட்டவர்கள் நாற்பது பேருக்குள். பாவம், மனசு கஷ்டப்படப்போகிறது என்று தயங்கித் தயங்கித்தான் அவள் மாமனாரிடம் சொன்னாள். அவருக்குத் தலை கால் புரியவில்லை.

"நாப்பது பேரா! முழுசாவா? எழுந்திரிக்காமலா?"

"ஆமா மாமா."

"இந்த வீட்ல ஒருத்தர்கூட இல்லையேம்மா" என்றார். குத்திக்காட்டவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

பெரிய பதிப்பு வரவேண்டிய நேரத்தில் மேலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. நல்ல மனிதர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், யோசனை உதித்தால் மட்டும் யாராலும் தடுக்க முடியாது. "இவ்வளவு நல்ல கதை, யாரும் கேக்கலையே அக்கா. ஒரு கோப்பை வைப்போம். பத்து நிமிஷம் படகோட்டி பக்கத்துல உக்காந்தா 'பொறுமைசாலி'ன்னு ஒண்ணு. அப்புறம் பாருங்க கூட்டத்தை!" கூடவே, இந்தப் பதிப்பு ஒழுங்காக வெளியே போய்விட்டால் சோதனைப் பிரிவுக்கு அவளே தலைவி என்றும் சொன்னார். அந்த நாற்காலிக்கு அவள் எத்தனையோ நாளாக ஏங்கிக்கொண்டிருந்தாள். அவள் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் எல்லாம் அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

அவளுக்கு அந்தக் கோப்பை பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சொன்னபோது மாமனார், "ஆயிரக்கணக்குல கேப்பாங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். கிழவருக்குக் கிடைக்கிற கூட்டத்தைக் கெடுக்க நான் யார் என்று நினைத்துக்கொண்டு சோதனையில் இறங்கினாள். கதாநாயகனைப் படகோட்டி பக்கத்தில் உட்கார வைப்பாள், சத்தத்தை நிறுத்திவிடுவாள், டீ குடிப்பாள், வேறு வேலை பார்ப்பாள். பத்தாவது நிமிடம் கோப்பை எழும்பும். சரி. மறுபடியும் முதலிலிருந்து.

வெளியாட்களை வைத்து விளையாடிப் பார்க்கிற நாள் வந்தது. ஆறு பேரை அழைத்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். மாமனார் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே கிளம்பி நின்றார். வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

ஆறு பேரும் கோப்பைப் பட்டியலைப் பார்த்துவிட்டு நேராக ஆற்றங்கரைக்கு வந்தார்கள். மாமனார் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்கு நெருங்கி நின்றார். படகோட்டி பேச ஆரம்பித்தார். முதலாமவன் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தான். அடுத்தவள் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தலைமுடியை அவிழ்த்துக் கட்டினாள். இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்தார்கள். ஒருவன் எழுந்து பாத்ரூமுக்கே போய்விட்டு வந்தான். கடைசியில் இருந்த ஒரு பெண் மட்டும் கொஞ்ச நேரம் காது கொடுத்தாள், கன்னத்தில் கை வைத்துக்கூடக் கேட்டாள். டிங் என்று மணி அடித்தது. ஆறு கோப்பைகள் எழும்பின. கதை இன்னும் முடியவில்லை. பாதி வார்த்தையில் ஆறு பேரும் படகோட்டியை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள், அந்தப் பெண்ணும்தான்.

மாமனார் கண்ணாடியை விட்டு விலகி வந்தார்.  சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நம்ம வீடு மாதிரியே இருக்கேம்மா" என்றார்.

"புதுசா வந்தவங்க மாமா, அப்படித்தான்..."

"நீ கேட்டிருக்கியா?"

"நான் எத்தனை தடவை மாமா! இதானே என் வேலை."

"அப்ப சொல்லு. அந்த பஸ் ஏன் நின்னுச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. ஊரில் உள்ள குறையெல்லாம் கண்ணில் படுகிறவளுக்கு, அவமானத்தில் முகம் பற்றி எரிந்தது. மாமனார் வற்புறுத்தவில்லை. தனியாகவே பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் தன் இடத்துக்கு வந்தாள். ஹெட்போனை மாட்டினாள். சத்தத்தைக் கூட்டினாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து முதன்முதலாகக் கேட்டாள்.

அந்த வண்டி தினமும் ஒரு நீளச் சுவரை ஒட்டிய வளைவில் நின்றுவிடும். டிரைவர் இறங்கிப் பானெட்டைத் திறந்து எதையோ தட்டுவார், கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். பயணிகள் திட்டினார்கள், டிப்போவில் கழற்றி மாட்டினார்கள், குறை பிடிபடவில்லை. கடைசியில் மாமனாரே அந்த வண்டியில் ஏறிப் போனார். அவர் குரல், வீட்டில் கேட்கிற அதே குரல், இப்படிச் சொன்னது:

"நான்தான் பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, ஒரு குறையும் இல்லை. திரும்பி டிரைவரைப் பாத்தேன். அவன் எஞ்சினைப் பாக்கலை, மேல பாத்துட்டிருந்தான். அந்தச் சுவர் ஆஸ்பத்திரிச் சுவர். மாடி ஜன்னல்ல ஒரு பொம்பளை, தலைமுடியெல்லாம் போயிருச்சு, கையை இவ்வளவுதான் தூக்குனா. அவன் சம்சாரம். அவன் டியூட்டி முடிஞ்சு போறதுக்குள்ள பாக்கற நேரம் முடிஞ்சிடும், உள்ள விட மாட்டாங்களாம். நான் பானெட்டை மூடலை. எதையோ திருகற மாதிரி திருகிட்டே நின்னேன். டிப்போவுக்கு வந்து, இது பழைய வண்டி, இப்படித்தான் நிக்கும், யாராலயும் சரி பண்ண முடியாதுன்னு சொல்லிட்டேன்."

இந்த இடத்தில் டிங் என்று கோப்பை எழும்பியது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் தொடர்ந்தது.

"அப்புறம் ஒரு நாள் அந்த வண்டி நிக்காம வந்துச்சு. மறுநாளும் நிக்கலை. டிப்போவே என்னைப் பாராட்டுச்சு, சரி பண்ணிட்டியேன்னு. மேனேஜர் கையை நீட்டுனாரு. எனக்குக் கை வரலை."

அதோடு கதை முடிந்தது. ஆற்றின் சத்தம் மட்டும் இருந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை, வெட்கமில்லாமல் அழுதாள். பக்கத்து மேஜைப் பையன் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "உன் வேலையைப் பாரு" என்றாள்.

சாயங்காலம் மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். சோதனை அறிக்கையில் 'பொறுமைசாலி' கோப்பைக்கு நேரே அவள் 'தேறவில்லை' என்று போட்டிருந்தாள்.

"கோப்பை வரலையா அக்கா?"

"வருது சார்."

"அப்புறம் என்ன தப்பு?"

"வர்றதுதான் தப்பு."

மேலாளர் பொறுமையாக இருந்தார். "கதை முடியறதுக்கு முன்னாடி மணி அடிக்குது, அதானே? கடைசி வார்த்தைக்கு அப்புறம் வரட்டும். மாத்திடலாம்."

"மாத்தினா, கடைசி வார்த்தை எப்ப வரும்னு காத்துக்கிட்டிருப்பாங்க. கேக்க மாட்டாங்க."

"கடைசியில இருந்த பொண்ணு கேட்டுச்சே? கோப்பை இல்லேன்னா அது அந்தப் பக்கமே வந்திருக்காது."

அவர் சொன்னது உண்மைதான். அதற்காகப் பிடியை விடுகிறவள் அல்ல அவள். "இருக்கலாம் சார். ஆனா இதுவரைக்கும் கேட்ட நாப்பது பேரு எதையும் எதிர்பாத்து உக்காரலை. மலை ஏறுனவனுக்குக் கோப்பை குடுங்க, தாராளமா குடுங்க, நானே கை தட்டறேன். ஒரு மனுஷன் பேசறதைக் கேக்கறதுக்குக் கூலி குடுக்காதீங்க. அப்புறம் யாருமே சும்மா கேக்க மாட்டாங்க."

"நீங்க போடலேன்னா வேற யாராவது தேறினதுன்னு போடுவாங்க. உங்க பதவிக்குத்தான் சிக்கல். யோசிங்க."

"வேற யாரு போட்டாலும் பக்கத்துல 'நொட்டையக்கா ஒத்துக்கலை'ன்னு இருக்கும். அதை நான் அழிக்க மாட்டேன். நாளைக்கு நீங்க மாத்தி அனுப்பினா நாளைக்கும் தேறாது. நாளன்னைக்கும் தேறாது. என்னை வேணா தூக்கிடுங்க, என் கையால தேறினதுன்னு மட்டும் போடச் சொல்லாதீங்க." குரல் உயர்ந்துவிட்டது. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்று போயிருந்தது. அவள் கதவைத் திறந்து, "எல்லாரும் கேட்டுட்டீங்களா? இதுக்கும் கோப்பை கிடையாது" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

இழுபறி ஒரு வாரம் ஓடியது. கடைசியில் மேலாளருக்கு அலுத்துவிட்டதோ, அல்லது அவரும் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து கேட்டாரோ தெரியாது, கோப்பையை எடுத்துவிட்டார். தலைவி நாற்காலியையும் எடுத்துவிட்டார். அது பக்கத்து மேஜைப் பையனுக்குப் போனது. அவனுக்கு முதல் வாழ்த்தை அவள்தான் சொன்னாள். மனசு வலிக்கவில்லை என்றெல்லாம் இல்லை, நன்றாகவே வலித்தது. மறுபடி கேட்டாலும் அதையேதான் செய்திருப்பாள்.

விஷயம் தெரிந்து வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் குதித்தார். "ஒரு வார்த்தை தேறினதுன்னு போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அப்படி என்ன பெரிய கதை அது?" அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள், மாமனார் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.  இரண்டு பேரும் வாயைத் திறக்காததைப் பார்த்து வீட்டுக்காரருக்குக் குறுகுறுப்பு வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"சரி, நீங்களே சொல்லுங்கப்பா. அந்த பஸ் ஏன் நின்னுச்சு?"

எத்தனையோ வருடங்களாக இந்த வீட்டில் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் அவர். மருமகளை ஒரு பார்வை பார்த்தார். நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வரிசையில போய் உக்காந்து கேளு" என்றார். "உனக்கு முன்னாடி நாப்பது பேர் உக்காந்திருக்காங்க."