குடும்பத்தில் யாருக்காவது உண்டா?

காலரைப் பிடித்து இழுத்ததில் என் சட்டையின் மேல்பட்டன் தெறித்துப் போனது. இரத்தம் எடுத்து அனுப்புகிற லேபில் வேலை பார்க்கிறவனுக்கு ஊசியால் ஆபத்தில்லை, ஃபாரத்தால்தான். என்னைப்போல ஏதாவது கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் சொல்லும் பொய்யை எழுதிக்கொடுக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டுப் பனச்சமூடு ஜங்ஷனில் இந்த வேலைக்கு வந்தவன் நான். ஊசி குத்த நர்ஸ் உண்டு, ஃபாரம் நிரப்புவது நான். தைராய்டில் வருகிற புற்றுநோயில் ஒரு வகை தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். முந்திக் கண்டுபிடித்தால் தைராய்டை எடுத்துவிட்டு, தினம் மாத்திரை விழுங்கிக்கொண்டு நன்றாக வாழலாம். கழுத்தில் கட்டி தெரிந்தபிறகு போனால் டாக்டரே முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். அதற்கான ஜீன் டெஸ்ட் ஃபாரத்தில்தான் அந்தக் கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது உண்டா?

காரோட்டுக்காரர்

காலரைப் பிடித்தவர் காரோடு என்ற ஊரிலிருந்து மகனோடு வந்தவர். அவர் கழுத்தில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. நான் மகனுக்கு ஃபாரம் எழுத வழக்கம்போல் கேட்டேன். பின்னால் பெஞ்சில் அவருடைய சர்ச் சபைக்காரர் ஒருத்தர் சுகர் பார்க்க உட்கார்ந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? பட்டனைப் பொறுக்கிக்கொண்டு மறுபடியும் கேட்டேன். அவர் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "எங்க குடும்பத்துல சாவுறவன் எல்லாம் நல்ல ஆரோக்கியத்தோடயாக்கும் சாவான்!"

கிணற்றுத் தண்ணீர்

செங்கல் என்ற ஊர்ப் பக்கமிருந்து இரண்டு சகோதரிகள் வந்தார்கள். மூத்தவளுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. வேகிற வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஷால். டெஸ்ட் இளையவளுக்கு. மூத்தவளுடைய ரிப்போர்ட்டைக் கேட்டேன், அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே வயித்துல பிறந்தவங்கதானே, உங்களுக்கும் இருக்கலாம்னுதான் டாக்டர் அனுப்பியிருக்கார்" என்றேன் இளையவளிடம். அவள் என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அக்காளுக்கு வந்தது அவளுக்க மாப்பிள்ளை வீட்டுக் கிணத்துத் தண்ணியிலயாக்கும். நான் அந்த வீட்டுல ஒரு வாய் குடிச்சதில்ல."

எண்பத்திநாலு

ஓய்வுபெற்ற கிளார்க் ஒருத்தர், நெற்றி நிறைய விபூதி. மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில். ரிசல்ட் வாங்க வந்தபோது ஜாதகமும் கையில் இருந்தது, இரண்டையும் ஒத்துப் பார்க்கவாம். எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்று இதில் போடமாட்டார்கள், பிள்ளைகளை டெஸ்ட் எடுக்கச் சொல்லத்தான் இது என்றேன். பிள்ளைகளிடம் சொன்னாரா? இல்லை, அவர்கள் பதறுவார்களாம். பதறாமல் பின்னே? காகிதத்தை நாலாய் மடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு எண்பத்திநாலு எழுதியிருக்கு. அதுக்குக் கொறைச்சு உங்க லேப் சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன், கேட்டியா?"

எங்கள் வீட்டு ஃபாரம்

அம்மாவுக்குப் போன வருஷம் ஆபரேஷன் ஆனது. பிந்திப்போனதால் கழுத்தில் மறுபடியும் நெறி கட்டியிருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரையும் உடனே டெஸ்ட் எடுக்கச் சொன்னார் டாக்டர். அதே மாதம் ஷைனி அக்காளுக்குப் பாறசாலையிலிருந்து ஒரு கல்யாண ஆலோசனை ஒத்துவந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, டெஸ்டே வேண்டாம் என்றார். அக்கா கேட்கவில்லை, லேபுக்கு வந்துவிட்டாள். மாமாவும் பின்னாலேயே வந்தார். வந்து பார்த்தால் பெஞ்சில் மாப்பிள்ளையின் அத்தை.

மாமா கவுண்டருக்குள் தலையை விட்டுக் குசுகுசுத்தார். "எலே மக்கா, இல்லைன்னு எழுது. கல்யாணம் கழியட்டும்."

"இல்லைன்னு எழுதினா ரத்தம் போற இடத்துல சரியாப் பாப்பாங்களா மாமா?"

"உனக்கு எதுக்குலே அதெல்லாம்? நீ என்ன டாக்டரா?"

அக்கா அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "உண்டுன்னு எழுதுலே. அம்மைக்கு உண்டு. அம்மைக்க அப்பாவும் கழுத்து வீங்கித்தான் செத்தாரு. மாமா இன்னும் டெஸ்ட் எடுக்கல்ல, அதையும் எழுது."

அத்தை எழுந்து, சுகர்கூடப் பார்க்காமல் வெளியே போனாள். மாமா பின்னால் ஓடினார். நர்ஸ் ஊசி குத்தும்போது அக்கா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். எழுந்து பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "சரி, இனி உனக்க ஃபாரத்தை எடு."

கஸ்டமர் கூட்டமாக இருக்கிறது, நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லி ஆறு வாரமாகிறது, பெஞ்சில் அதற்கப்புறம் ஆளே இல்லாத நாட்களும் உண்டு, இன்னும் எடுக்கவில்லை.