எண்ணெய் குடித்த கல்

பதினெட்டு வருசம் ஒரு தவிட்டு நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறேன். மிச்சம் என்கிற ஊரில் இந்த வீட்டுக்கு வந்தபோதே ஃபயர்பிளேஸ், அந்தக் கணப்புச் சுவர், அப்படித்தான் இருந்தது: அழுக்கு ஓடுகள், நடுவில் செத்துப்போன கேஸ் ஹீற்றர். சோபா கணவரின் தெரிவு. திரைச்சீலை அவருடைய அக்காவின் தெரிவு. இந்த ஒரு சுவரை மட்டும் நான் எனக்கென்று கேட்டேன்.

அதில் பதிக்கும் கல்லை நானே தேர்ந்தேன். சட்டன் பக்கம் ஒரு கல் யார்டில், மழைக்குள் நின்று, பலகை பலகையாகத் தடவித் தடவி. வெளிறிய சுண்ணாம்புக்கல், உள்ளே சின்னச் சின்னச் சிப்பிகள், எந்தக் கடலின் மிச்சமோ. கை வைத்தால் முதலில் குளிர்ந்தது, பிறகு மெல்ல என் சூட்டை வாங்கிக்கொண்டது.

பதிக்க வந்தவர் ஜெர்மனியில் நெடுநாள் வேலை செய்துவிட்டு இங்கே வந்த எங்கட ஆள். முடித்ததும் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்: ஒரு கிழமை காயவேண்டும், பிறகுதான் துளைகளை அடைக்கும் சீலர் பூசலாம், அதுவரை ஈரத்துணிகூடப் படக்கூடாது, இந்தக் கல் எதைக் கண்டாலும் குடிக்கும். என் கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தால் வீடு சாம்பிராணி மணக்கிறது. வால்தம்ஸ்டோவிலிருந்து மச்சாள் வந்துபோயிருந்தா. புதுசு எதுவென்றாலும் கணவரின் அக்காவுக்குப் பொட்டு வைத்தாகவேண்டும்; எங்கள் கார், ஃபிரிட்ஜ் எல்லாம் அவவின் கையால் சந்தனம் வாங்கியவை. கல்லின் நெற்றியில் மஞ்சள் குழைத்து மூன்று பொட்டு, மேலே குங்குமம். அடியில் ஒரு விளக்கு. அது ஒழுகவிட்ட நல்லெண்ணெயைக் கல் குடித்து, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. மஞ்சளோ சிப்பிகளுக்குள் இறங்கிவிட்டது.

"நீங்கள் பக்கத்திலைதான் நிண்டனீங்களோ?"

"நல்ல காரியம்தானேயப்பா. அக்காவை எப்பிடி மறிக்கிறது?"

என்னை மறிக்க மட்டும் இந்த மனிசனுக்கு ஒருநாளும் வாய் வராமல் போனதில்லை.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மச்சாளைக் கூப்பிட்டேன். மஞ்சள்தானே, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் போகும் என்றா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"தம்பியின்ரை வீட்டிலை பொட்டு வைக்க நான் ஆரைக் கேக்கவேணும்?"

நான் கணவரைப் பார்த்தேன். ஒரு வசனம், அந்த நேரம் ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தால் கறையை மறந்திருப்பேன். அவர் கேத்திலில் தண்ணி நிரப்பப் போனார்.

எனக்குக் கோபம் கண்ணீராக வந்த வயது போய்விட்டது. இப்போது அது பல்லில் வருகிறது. கிழமை முழுக்கப் பல்லைக் கடித்தபடி நடந்தேன், சமைத்தேன், அந்தக் கறையைத் துடைக்காமல் விட்டேன்.

கல் பதித்தவர் சீலர் பூசத் திரும்பி வந்து, குந்தியிருந்து கறையைப் பார்த்தார். "அக்கா, ஒரு பசை இருக்கு. ரெண்டு மூண்டு தரம் அப்பினால் முக்கால்வாசிக் கறையை இழுத்துப்போடும். சீலர் அடிச்சால் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது."

கணவர் முந்திக்கொண்டு ஓம், ஓம், அப்புங்கோ என்றார். மிச்சத்தைப் பெரிய பிள்ளையார் படம் ஒன்றால் மறைக்கலாமாம்.

"இப்பிடியே சீலரை அடியுங்கோ தம்பி," என்றேன்.

"உமக்கு விசரே? பொங்கலுக்கு அக்கா வரேக்கை காணப்போறா."

"அதுக்குத்தான்."

கல் பதித்தவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் பிரஷை நனைத்தார்.