லொறிக் கொட்டிலில் தொங்கிய வளையல்கள்

மகள் சின்னதாக ஒரு கார் வாங்கியிருக்கிறாள். அதை நிறுத்துவதற்காக வீட்டோடு ஒட்டிய பழைய லொறிக் கொட்டிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறோம். இன்று காலை தகரம் கழற்ற வந்தவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, இங்க ஆணியில கண்ணாடி வளையல் தொங்குது. வீசிறவா?"

"வீசாதீங்க, இங்க தாங்க" என்று கையை நீட்டினேன். பழைய டீசலும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை வளையலோடு சேர்ந்து வந்தது. லொறிக் கொட்டிலில் வளையலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள்.

என் கணவர் லொறி ஓட்டினார். வில்கமுவப் பக்கம் அறுவடை வந்தால் நெல் ஏற்றுவார், மற்ற நாட்களில் கிடைத்ததை ஏற்றுவார். எஞ்சினை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. மாத்தளையில் கராஜுக்கா பஞ்சம்? அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாதி எஞ்சின் முற்றத்தில் கிடக்கும். என் பழைய பாவாடைகளெல்லாம் எண்ணெய் துடைக்கும் துணியாகிவிட்டன. "லொறியவே கட்டியிருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டினீங்க?" என்று கேட்டால் சிரிப்பார்.

எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. எஞ்சினின் பின்பக்கம் ஒரு சந்துக்குள் ஒரு நட்டு இருந்தது. அவர் கை அங்கே போகாது. என் கை போகும், வளையல் இல்லாவிட்டால்.

"புள்ள, வளையலக் கழட்டிட்டு வா" என்பார். அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுப் போவேன். கழற்றி ஆணியில் மாட்டுவது நான், திரும்பப் போட்டுவிடுவது அவர். சவர்க்கார நுரை தடவி ஒவ்வொன்றாக, போல்ட் பூட்டுகிற அதே கவனத்தோடு போடுவார். மணிக்கட்டெல்லாம் கரியாகும், நான் திட்டுவேன். ஆனாலும் நானாகப் போட்டுக்கொண்டதேயில்லை. அந்த நட்டுக்குத் தேவையே இல்லாத நாட்களிலும் வளையலைக் கழற்றியிருக்கிறேன். இந்த வயதில் அதைச் சொன்னால் என்ன.

கடைசித் தடவை நான் வளையலைக் கழற்றியபோது அறுவடை தொடங்கியிருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. லொறி எழும்பாவிட்டால் அந்தப் போகமே கைவிட்டுப் போகும் என்று அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எல்லாம் பூட்டியாயிற்று, என் நட்டு மட்டும் பாக்கி. நான் வளையலை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

"கொஞ்சம் நில்லு புள்ள, நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு. ஒரு பிளேன்டீ ஊத்து" என்றார்.

பிளேன்டீயோடு வந்தபோது லொறியின் டயர்ச் சில்லில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிரோடு திரும்பவில்லை.

கருமாதியன்று நாத்தனார் என் கையைப் பிடித்துப் பார்த்துத் திகைத்துவிட்டாள். "வளையல் எங்க அண்ணி?" ஆணியில் தொங்குவதைச் சொன்னால் அதையே எடுத்துவந்து உடைப்பார்கள். சொல்ல மனமில்லை. வெறுங்கையில் எதை உடைப்பது? கடையில் புது வளையல் வாங்கிவந்து, எனக்குப் போட்டு, அதை உடைத்தார்கள். யாருக்கும் சவர்க்காரம் தடவத் தோன்றவில்லை. வலித்தது.

லொறியை விற்பதற்கு முன் அந்த நட்டை நானே இறுக்கினேன். கழற்ற ஒன்றும் இல்லாததால் கை சுலபமாகப் போனது. வாங்கியவர் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. இதைக் கேட்க அவர் இல்லையே என்று கொட்டிலுக்குள் நின்று அழுதேன்.

அந்த லொறி இப்போது எங்கே ஓடுகிறதோ, ஓடுகிறதோ இல்லையோ. கொட்டிலும் மாலைக்குள் போய்விடும். மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு வளையலைப் போட்டுப் பார்த்தேன். விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. மகள் எப்போது வந்து கதவருகே நின்றாளோ தெரியாது.

"சவர்க்காரம் தடவினாப் போகும்மா. நான் போட்டுவிடவா?"

"வேணாம், அப்பா போட்டுவிடுவாரு" என்று வாயில் வந்துவிட்டது.

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.