ஒன்பதாம் இலக்கம் மெல்பேர்ணுக்குப் போனபோது

ஜேர்சிக்குப் பெயர் அடிக்கிற தொழிலுக்குத் துணி, எழுத்து, சூடு மூன்றும் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் எனக்கு இந்தக் கடையை விற்றார்கள். கோயில் பாதிரியார்போலப் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் தெரிந்திருக்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடை சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். பாதிப் பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்தில் தமிழில், மீதி சிட்னியில் ஆங்கிலத்தில் என்று படித்தவள் நான். பிறகு வேலைக்கென்று கொழும்புக்குப் போய், நாற்பது தாண்டியபின் மறுபடி இங்கே வந்து சேர்ந்தேன். ஆகவே விட்டுப் போனவர்களை யாராவது திட்டத் தொடங்கினால், எழுத்து வெட்டுகிற மெஷின் பக்கம் திரும்பிவிடுவேன்.

என் பெரிய வாடிக்கையாளர் நீலக்கடல் விளையாட்டுக் கழகம். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணக் கரையோரத்திலிருந்தும் வந்த குடும்பங்கள். பூசைக்குப் பிந்தினாலும் மைதானத்துக்குப் பிந்தாத ஆட்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சட்டையின் முதுகில் தங்கள் பெயரைப் போடமாட்டார்கள், விருப்பமான ஆட்டக்காரனின் பெயரைத்தான் போடுவார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் ஐரோப்பாவின் நட்சத்திரங்களுக்குச் செய்கிறதை, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் உதைபந்து விளையாடுகிற ஒரு எலக்ட்ரீசியன் பெடியனுக்குச் செய்தவர்கள் இவர்கள்தான். அந்தப் பெடியன் ரொஷான், இலக்கம் ஒன்பது. கழகத்தில் பாதிப் பேர் முதுகில் அவன் பெயரைச் சுமந்தார்கள்.

போன சீசன் நடுவில் அவனுக்கு மெல்பேர்ணில் நல்ல வேலை கிடைத்தது. போனான். போனவன் அங்கே சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தமிழ்க் கிண்ணப் போட்டிக்கு வந்து எங்களை உரித்துவிட்டுப் போகிற அந்த மெல்பேர்ண் கழகத்திலேயே சேர்ந்துவிட்டான். நீங்களும் ஒரு கழகத்தை நம்பி உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்துக்கொண்டவர் என்றால், பிறகு நடந்ததை நான் விளக்கத் தேவையில்லை. எல்லாரும் என் கடைக்கு வந்தார்கள்.

உரிக்க வந்தவர்

செய்தி வட்ஸ்அப் குழுவில் வந்த மறுநாள் காலை, நான் கடையைத் திறக்குமுன்பே கழகச் செயலாளர் அன்ரன் அண்ணை வாசலில் நின்றார். கையில் பை, பைக்குள் சட்டை, சட்டையின் முதுகில் ரொஷான்.

"உரிச்சு விடு தங்கச்சி."

"உரிக்கலாம் அண்ணை. ஆனால் எழுத்து இருந்த இடம் வெயில் படாமல் கடும் நீலமாய் நிற்கும். தூரத்திலை நிண்டும் வாசிக்கலாம்."

"அப்ப அதுக்கு மேலை வேறை பேர் அடி."

"ஆரின்ரை பேர்?"

அன்ரன் அண்ணை யோசித்தார். மனசுக்குள் அணியை நிறுத்தி, கோல் காப்பாளரில் தொடங்கி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவது முகத்தில் தெரிந்தது. ரொஷானுக்குப் பக்கத்தில் முன்னுக்கு விளையாடுகிறவனில் வந்து நின்றார். முந்தின ஞாயிறு ஆளில்லாத கோலுக்கு நேரே நின்று, பந்தைக் கார்கள் நிற்கிற இடத்துக்கு அனுப்பியவன் அவன். பந்து போய் விழுந்ததும் அன்ரன் அண்ணையின் காரில்தான். நீண்ட மூச்சு ஒன்று விட்டு, சட்டையை மடித்து மறுபடி பைக்குள் வைத்தார்.

"கோல் அடிக்கிற ஒருத்தன் வருமட்டும் அந்த நாயின்ரை பேர் அதிலையே கிடக்கட்டும்."

கோலின் தூரம்

கார்த்திக் ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து வருகிறவர். மதுரைக்காரர், வங்கியில் கணினி வேலை. முதலில் மைதானத்து மட்டன் ரோல்ஸுக்காக வந்து, பிறகு ஆட்டத்தில் விழுந்தவர். நீலக்கடலில் அவருக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. ஆனால் ரொஷான் போனபோது துக்கம் விசாரிக்கவேண்டிய நிலையில் இருந்தவர் அவர்தான்.

ஒருநாள் கடையில் நின்று, வேறு சட்டை வாங்க வந்த ஒருவருக்கு அந்தப் பழைய இறுதியாட்டத்துக் கோலை விவரித்துக்கொண்டிருந்தார். மெல்பேர்ணை நாங்கள் வென்ற ஒரே தடவை, அந்த ஆட்டத்தின் ஒரே கோல், அடித்தவன் ரொஷான். முதலில் சொன்னபோது பெனால்ரிப் பெட்டிக்கு வெளியே இருந்து அடித்தான். கேட்டவர் "அப்பிடியே?" என்றதும் பந்து இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனது. நான் காசு வாங்கி மிச்சம் கொடுக்குமுன் மைதானத்தின் நடுக்கோட்டுக்கே போய்விட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "கார்த்திக், நானும் அண்டைக்கு நிண்டனான். கிட்ட நிண்டுதான் அடிச்சவன். அதுவும் அவையின்ரை ஆள் ஒருத்தன்ரை முழங்காலிலை பட்டுத்தான் உள்ளுக்குப் போனது" என்றேன். கார்த்திக் கோபப்படவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க பார்த்திருக்கலாம் அக்கா, ஆனா வாரம் தவறாம சொல்லிக்கிட்டு வர்றது நாங்கதானே."

ரெஜினா அன்ரியின் பலகை

அந்த மட்டன் ரோல்ஸ் ரெஜினா அன்ரியுடையது. மைதானத்து மூலையில் ஒரு மடக்கு மேசை, ஒரு பெரிய எண்ணெய்ச் சட்டி, ஒரு குடை. ரொஷானுக்கு உறைப்புக் கூடவேண்டும் என்பதால் அவனுக்கென்று பச்சை மிளகாய் கூட்டிச் செய்ததை, பிறகு எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு "ரொஷான் ரோல்" என்று பலகை அடித்துக் கொடுத்ததும் நான்தான்.

அவன் போனபின் கழகத்துக் குழுவில் ஒரு பேச்சு எழும்பியது. கிண்ணப் போட்டி இந்த வருடம் சிட்னியில். மெல்பேர்ண்காரர் எங்கள் மைதானத்துக்கு வந்து, தங்கள் ஆட்டக்காரனின் பெயரை எங்கள் சாப்பாட்டு மேசையில் பார்த்தால் என்ன மரியாதை? பெயரை மாற்றச் சொல்லி அன்ரியிடம் ஆள் அனுப்பினார்கள். அடுத்த கிழமை அன்ரி கடைக்கு வந்தார். புதுப் பலகை வேண்டுமாம்.

"என்ன பேர் போட அன்ரி?" என்றேன் மெதுவாக.

"அதே பேர்தான். எழுத்து மட்டும் பெரிசாய் வேணும். பழசு கிட்ட வந்தாத்தான் தெரியுது."

"கொமிற்றிக்காரர் ஏதோ சொன்னவை எண்டு..."

அன்ரி கைப்பையை மேசையில் வைத்த வைப்பில் என் கத்தரிக்கோல் துள்ளியது.

"போனது பெடியன்தான் பிள்ளை, என்ரை ரோல் ஒரு இடமும் போகேல்லை!"

கொடி

இவ்வளவு பேர் வந்தும் வராத ஒருவர் இருந்தார், ரொஷானின் தகப்பன் பத்திநாதன் அண்ணை. கழகத்தின் லைன்ஸ்மன் அவர். எங்கள் போட்டிகளில் நடுவர்தான் வெளி ஆள். கோட்டோரம் கொடி பிடிக்க இரண்டு கழகமும் ஆளுக்கு ஒருவரைக் கொடுக்கவேண்டும். மகன் நடக்கத் தொடங்குமுன்பே அவர் நீலக்கடலுக்குக் கொடி பிடித்தவர். மகன் போனபின்னும் ஒரு ஞாயிறும் தவறவில்லை. மகனின் பெயர் போட்ட சட்டையை மட்டும் அணிவதில்லை. மகன் ஏன் அந்தக் கழகத்தில் போய்ச் சேர்ந்தான் என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அரையிறுதியில் நீலக்கடலும் மெல்பேர்ணும் மோதுவதென்று தெரிந்த அன்று பின்னேரம் கடைக்கு வந்தார். அன்ரன் அண்ணை தன்னோடு கதைத்ததைச் சொன்னார். "இந்த ஒருக்கா நீங்கள் இருந்து பாருங்கோ அண்ணை, கொடிக்கு வேறை ஆளைப் போடுவம்" என்றாராம், மரியாதையாகத்தான். பத்திநாதன் அண்ணை கதிரையில் உட்கார்ந்து, கையை விரித்துக் கணக்குப் பார்ப்பதுபோலச் சொன்னார்: "கொடியை உயர்த்தினால் பெத்த பிள்ளைக்கு வஞ்சகம் செய்தவன் எண்டுவினம். உயர்த்தாட்டில் கழகத்துக்கு வஞ்சகம். பிடிக்காமல் விலகினால், இவ்வளவு காலம் பிடிச்ச கொடியிலையும் சந்தேகம் வரும். நான் பிடிக்கிறன் எண்டு அன்ரனுக்குச் சொல்லிப்போட்டன்."

அவருக்கு வேண்டியது ஒரு வெறும் மஞ்சள் சட்டை. கழகத்துச் சின்னம்கூட வேண்டாம் என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல், வீட்டில் ரொஷானின் சட்டை இருக்கிறதுதானே, அதைப் போட்டுக்கொண்டு நின்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டேன். சட்டையை அளவு பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அண்டைக்கு என்ரை முதுகிலை ஒருத்தற்றை பேரும் இருக்கக்கூடாது பிள்ளை."

அரையிறுதி

மெல்பேர்ண் சட்டையிலும் அதே ஒன்பதாம் இலக்கத்தோடு ரொஷான் மைதானத்துக்குள் இறங்கினதும் எங்கள் பக்கத்திலிருந்து விசில் எழும்பியது. பாராட்டுகிற விசில் இல்லை. பந்து அவன் காலுக்கு வரும்போதெல்லாம் அது கூடியது. ஊதினவர்களில் பாதிப் பேரின் முதுகில் அவன் பெயர்தான். கோட்டோரம் மஞ்சள் சட்டை மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஒன்றும் காதில் விழாததுபோல.

ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடிகிற நேரம், மெல்பேர்ண் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. எங்கள் தடுப்பு வரிசைக்குப் பின்னால் ரொஷான். நெஞ்சால் இறக்கி, ஒரே அடி. வலை அசைந்தது. மெல்பேர்ண்காரர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எங்கள் பக்கத்தில் ரெஜினா அன்ரியின் எண்ணெய்ச் சட்டி மட்டும் சத்தம் போட்டது. அப்போதுதான் எல்லாரும் கோட்டைப் பார்த்தோம். கொடி உயர்ந்து நின்றது. ஓஃப்சைட், பந்து உதைபடுமுன்பே அவன் எங்கள் கடைசித் தடுப்பாளனைத் தாண்டிவிட்டான் என்று அர்த்தம். நடுவர் விசில் ஊதி, கோல் இல்லை என்று கையசைத்தார்.

ரொஷான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தகப்பனை நோக்கி ஓடிவந்தான்.

"நான் லைனிலைதானே அப்பா நிண்டனான்?"

பத்திநாதன் அண்ணை கொடியை இறக்கவில்லை. "நம்பர் ஒன்பது, ரெஃபறியோடை கதையும்" என்றார். 'கதையும்' என்று, தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல. ரொஷான் விரித்த கையை இறக்கினான். பிறகு, பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பி ஓடினான். முறைப்பாடு செய்யப் போன தன் அணிக்காரர் இருவரையும் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

முதலில் கை தட்டியது அன்ரன் அண்ணைதான் என்று அவர் சொல்கிறார். தான்தான் என்று கார்த்திக் சொல்கிறார். எனக்குக் கேட்டது ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும். தகப்பனுக்கா மகனுக்கா என்று தெரியாத கைதட்டல் அது. கொஞ்ச நேரத்தில் அது பழைய கூப்பாடாக மாறியது: ரொ-ஷான், ரொ-ஷான். எங்கள் கோல் காப்பாளர் திரும்பி எங்களை முறைத்தான்.

ஆட்டம் பெனால்ரிக்குப் போனது. மெல்பேர்ணின் கடைசி அடியை ரொஷான் அடித்தான். அதோடு நாங்கள் வெளியே. அடித்துவிட்டு அவன் துள்ளவில்லை. நேரே வந்து எங்கள் கோல் காப்பாளரைத் தூக்கி நிறுத்தினான். அன்ரன் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மெல்பேர்ண்காரர் ஒருவரிடம், வென்றவர் தானே என்பதுபோல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"எங்கடை பெடியன் அடிச்சு எங்களை வெண்டிருக்கிறியள், வேறை ஒருத்தன் அடிச்சிருந்தால் நடந்திராது."

கார்த்திக்கின் வீடியோ

அடுத்த கிழமை கார்த்திக் அந்தக் கோலைக் கைபேசியில் கொண்டுவந்தார். கடையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தோம், நிறுத்திப் பார்த்தோம், பெரிதாக்கிப் பார்த்தோம். ரொஷானின் கால் தெரிகிறது. எங்கள் தடுப்பாளன் நிற்கவேண்டிய இடத்தில் ரெஜினா அன்ரியின் குடை தெரிகிறது. ஓஃப்சைட் என்று ஒருவர், இல்லவே இல்லை என்று ஒருவர். கடைக்குள் இன்னொரு அரையிறுதி தொடங்கும்போல இருந்தது.

அந்த நேரம் பத்திநாதன் அண்ணை உள்ளே வந்தார். நீலச் சட்டை, முதுகில் ரொஷான். தோளில் ஓர் எழுத்து விளிம்பு எழும்பியிருக்கிறது, ஒட்டித் தரவேண்டுமாம். நின்றவர்கள் வழி விட்டு விலகினார்கள். கார்த்திக் மட்டும் துணிந்து கைபேசியை நீட்டினார்: "அங்கிள், நீங்களே ஒருதடவை பாருங்களேன்."

அவர் பார்க்கவில்லை. "நான் அண்டைக்கே பாத்திட்டன் தம்பி" என்று கைபேசியை மெல்லத் தள்ளிவிட்டார். நான் பிரெஸ்ஸைச் சூடாக்கி, சட்டையை விரித்து, அந்த எழுத்தை அழுத்தினேன். சூடு ஆறுமட்டும் அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்களுக்கா தனக்கா என்று தெரியாமல், சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அவன் சின்னனிலையே அப்பிடித்தான், பந்து வர முந்தி வெளிக்கிட்டு ஓடிடுவான்."

ஆட்டக்காரர்கள் கழகம் மாறலாம், ஊர் மாறலாம், நீலத்திலிருந்து வேறு நிறத்துக்கும் போகலாம். பாவப்பட்ட ரசிகர்களாகிய நமக்குத்தான் எந்தக் காலத்திலும் மாற்றல் உத்தரவு வருவதில்லை.