தங்கமீனுக்கு அம்மை போட்டது

மீன் வியாபாரத்தில் ஒரு கஷ்டம்: நோயாளி நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடும், எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்லாது. கண்ணாடித் தொட்டி வாங்கி நிம்மதியைத் தொலைத்த என் சகபாவிகளே, ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்ணமீன் கடை வைத்திருக்கிற கிழவன் நான். சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் தொட்டிகள் அத்தனையும் இந்த நிமிஷமே ஒழுகட்டும்! (ஒன்று ஏற்கெனவே ஒழுகுகிறது, அது வேறு விஷயம்.)

செவுளில் பாம்பு

ஒருநாள் காலை கடை மீன்களெல்லாம் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. செவுளில் பூச்சி என்று முடிவுகட்டி, ஒரு தங்கமீனைப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பாம்பு மாதிரி ஒரு புழு! அடுத்த மீனிலும் அதே புழு. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து இட்லிக்கடை சரோஜாவின் கையைப் பார்த்தேன், அதிலும் இருந்தது. ஊரே போச்சு என்று அலறினேன்.

என் மனைவி பூதக்கண்ணாடியைப் பிடுங்கி முந்தானையால் துடைத்தாள். ஒட்டியிருந்த என் மீசை முடி ஒன்று கீழே விழுந்தது. பிறகு சுவரைப் பார்த்தாள். "காத்து மோட்டாரைப் புடுங்கிட்டு போனுக்கு சார்ஜ் போட்டது யாரு? அதுங்களுக்கு மூச்சு முட்டாம இன்னா பண்ணும்? மொதல்ல பிளக்கைச் சொருவுங்க, டாக்டர் சார்!"

வடை நின்ற ஊர்

அன்றைக்குப் பாவம் பார்த்து சரோஜா ஒரு தங்கமீன் வாங்கிப் போனாள். சில நாளில் அதன் உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. அது ஒட்டுண்ணி, தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கி உப்புப் போட்டால் போய்விடும். ஹீட்டரோடு அவள் கடைக்கு ஓடினேன். தொட்டியைச் சுற்றி வேப்பிலை கட்டியிருந்தது.

"அண்ணே, செருப்பைக் கழட்டு. ஆத்தா வந்திருக்கா. முத்து போட்ட உடம்புல சூட்டைக் காட்டுவியா நீ?" என்றாள். தொட்டியில் இளநீர் ஊற்றவும் தயாராக இருந்தாள். காலில் விழாத குறையாகத் தடுத்தேன்.

அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அவளுக்கு வீடும் கடையும் ஒன்று. வடை நின்றது, சட்னி தாளிப்பில்லாமல் வந்தது. மீனோ மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது. மலைக்கு பஸ் ஓட்டும் டிரைவர் என் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். "யோவ் பெருசு, வடை துன்னாம கொண்டை ஊசி வளைவுல கை திரும்ப மாட்டேங்குது. மீனு செத்தா கருமாதி வரைக்கும் வடை கெடையாதுன்னுது அந்தம்மா. இன்னா பண்ணுவியோ, அதைப் பொழைக்க வை!"

தலைக்குத் தண்ணீர்

மறுபடி போனேன், இந்த முறை செருப்பே போடாமல். "சரோஜா, ஆத்தாவை அனுப்பி வைக்கத் தலைக்குத் தண்ணி ஊத்த வேணாமா?" என்றேன். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் சூடேற்றிய தண்ணீர்தானே அதற்கு வழக்கம்! கோயிலில் மிளகோடு சேர்த்துக் கொட்டுகிற கல்லுப்பை இதிலேயே கொட்டிவிடலாம் என்றும் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டேன். அவள் மிளகையும் எடுத்து வந்தாள். மீன் ரசமாகிவிடும் என்று கெஞ்சினேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள், மெதுவாக ஊற்றினோம். முதல் தண்ணிக்கு மீன் நிமிர்ந்தது. இரண்டாவதற்குப் புள்ளி உதிர்ந்தது. மூன்றாவதற்கு அது துள்ளிய துள்ளலில் கூரையிலிருந்த பல்லி மல்லாக்க விழுந்தது, சத்தியமாக!

எண்ணெய்ச் சட்டி ஏறியது. முதல் வடைக்குக் கையை நீட்டினேன். சரோஜா மிச்சமிருந்த வேப்பிலைத் தண்ணீரைக் குடத்தோடு என் தலையில் கவிழ்த்தாள். "எல்லாம் ஆத்தா பாத்துக்கினா. அம்மை போட்ட மீனை வித்த ஆளு நீ, உன் மேல இன்னும் இன்னா இன்னா ஒட்டிக்கினு கீதோ. நல்லாத் தொடச்சிக்கினு வந்து துன்னு!"

ஆக, என் வைத்தியத்தில் பிழைத்த ஒரே நோயாளியால் வந்த புகழ் ஆத்தாவுக்கும் குளியல் எனக்கும் போய்ச் சேர்ந்தது. உப்பும் சூடும்தான் மருந்து என்று சரோஜா காதில் விழுந்தால் எனக்கு இந்த ஜென்மத்தில் வடை கிடையாது, அதனால் சொன்னது யாரென்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.